சம்சாரம் அது மின்சாரம்: கணக்கில் ஏறாத வரவு



கடன், வட்டி, சேமிப்பு என்று எழுதும் பக்கத்தில் இந்த மாதம் ஒரு சினிமாவைப் பற்றி எழுதுகிறோம். காரணம் இருக்கிறது. அந்தப் படத்தில் குடும்பச் சண்டையே வரவு செலவுக் கணக்கில்தான் ஆரம்பிக்கிறது. கணக்கு எழுதத் தெரிந்த நமக்கு அதில் நிறைய விஷயம் இருக்கிறது.

நாடகம் படமான கதை

மேடை நாடகம் சினிமாவாவது நம்ம ஊருக்குப் புதுசு இல்லை. வத்தலக்குண்டில் பிறந்த எழுத்தாளர் பி.எஸ்.ராமையா எழுதிய ‘போலீஸ்காரன் மகள்’ நாடகம், ஸ்ரீதர் இயக்கத்தில் 1962ல் படமாக வந்தது.

அதே மாதிரி விசு எழுதிய நாடகம் ‘உறவுக்கு கை கொடுப்போம்’. 1975ல் அதே பெயரில் ஒரு தடவை படமானது. பிறகு அவரே அந்தக் கதையை மாற்றி எழுதி, ஏவி.எம். நிறுவனத்துக்காக 1986ல் ‘சம்சாரம் அது மின்சாரம்’ என்று எடுத்தார். சிறந்த ஜனரஞ்சகப் படத்துக்கான தேசிய விருதைப் பெற்ற முதல் தமிழ்ப் படம் இதுதான். தெலுங்கு, கன்னடம், மலையாளம், இந்தி என்று நாலு மொழியிலும் மறுபடி எடுத்தார்கள். டி.வி.யில் நம்மில் பலர் பார்த்திருப்போம்.

கோடு போட்ட வீடு

அம்மையப்ப முதலியார் (விசு) ஒரு நடுத்தரக் குடும்பத்துத் தலைவர். மனைவி கோதாவரி (கமலா காமேஷ்). மகன்கள், மகள், மருமகள்கள் எல்லாரும் ஒரே வீட்டில். மூத்த மகன் சிதம்பரம் (ரகுவரன்) நன்றாகச் சம்பாதிப்பவன், பணத்தில் கறார். அவன் மனைவி உமா (லட்சுமி) பிரசவத்துக்காகப் பிறந்த வீடு போகிறாள். உடனே சிதம்பரம் வீட்டுக்குக் கொடுக்கும் பணத்தைக் குறைக்கிறான். ஒரு ஆள் சாப்பிடவில்லையே, எதற்கு முழுப் பணம் என்பது அவன் கணக்கு. அப்பாவுக்கும் மகனுக்கும் வாக்குவாதம் முற்றுகிறது. வெளியே போ என்கிறார் அப்பா. தங்கை கல்யாணத்துக்குக் கொடுத்த பணத்தைத் திருப்பிக் கொடுத்தால் போகிறேன் என்கிறான் மகன். கடைசியில் வீட்டுக்கு நடுவே கோடு விழுகிறது.

சகோதரிகளே, அந்தக் கணக்கைக் கொஞ்சம் பாருங்கள். உமா வீட்டில் இல்லாததால் சாப்பாட்டுச் செலவு குறைந்தது என்று எழுதியாச்சு. அவள் இருந்தபோது விடியற்காலை எழுந்து சமைத்தது, துவைத்தது, மாமனார் மாமியாரைப் பார்த்துக்கொண்டது எந்தப் பக்கத்தில் வந்தது? எங்கேயும் வரவில்லை. அவள் வயிறு செலவில் ஏறியது. அவள் கை வரவில் ஏறவே இல்லை. குழுவில் இப்படி ஒரு பேரேடு எழுதினால் தணிக்கையில் நிற்குமா?

குழந்தையோடு திரும்பி வரும் உமாதான், வேலைக்கார கண்ணம்மாவை (மனோரமா) துணைக்கு வைத்துக்கொண்டு, பிரிந்த ஒவ்வொருவரையும் சேர்த்து வைக்கிறாள். சிதம்பரமும் மனம் மாறுகிறான். இனி எல்லாரும் ஒன்றாக இருக்கலாம் என்று மற்றவர்கள் சந்தோஷப்படும்போது உமா வேண்டாம் என்கிறாள். ஒருதடவை விரிசல் விட்டாச்சு, தனித்தனியாக இருந்து அடிக்கடி வந்து பார்த்து அன்பாக இருப்போம் என்று சொல்லிவிட்டுத் தனிக்குடித்தனம் போகிறாள். மருமகள் எடுத்த முடிவை மாமனாரே ஏற்றுக்கொள்கிறார். 1986ல் இது சின்ன விஷயம் இல்லை.

கள்ளக் கையெழுத்துப் போட்ட நோரா

இதற்கு நூறு வருஷம் முன்னால் நார்வே நாட்டு இப்சன் எழுதிய நாடகம் ‘பொம்மை வீடு’. 1879ல் மேடையேறியது. அதுவும் கடனில்தான் தொடங்குகிறது. கணவன் உயிரைக் காப்பாற்ற நோரா ரகசியமாகக் கடன் வாங்குகிறாள். புருஷன் சம்மதம் இல்லாமல் பெண் கடன் வாங்க முடியாத காலம். அதனால் அப்பா கையெழுத்தைத் தானே போட்டுவிடுகிறாள். வீட்டுச் செலவில் மிச்சம் பிடித்து, ராத்திரி கண்விழித்து எழுத்து வேலை செய்து அடைக்கிறாள். விஷயம் தெரிந்ததும் கணவன் தன் மானம் போச்சே என்று கத்துகிறான். பத்திரம் திரும்பி வந்து ஆபத்து நீங்கியதும், மன்னித்துவிட்டேன் என்கிறான். இத்தனை வருஷம் தன்னைப் பொம்மையாகத்தான் வைத்திருந்தான் என்று நோராவுக்குப் புரிகிறது. கதவைச் சாத்திவிட்டுப் போய்விடுகிறாள்.

இந்த நாடகமும் பல நாடுகளில் படமானது. ஈரானில் தாரியுஷ் மெஹ்ருஜி ‘சாரா’ என்ற பெயரில் 1990களில் எடுத்தார். அதில் அந்தப் பெண் ராத்திரி ராத்திரியாகத் துணியில் பூவேலை செய்து கடனை அடைக்கிறாள்.

நோரா தனியாகப் போனாள். உமா கணவனையும் கூட்டிக்கொண்டு போனாள். உமா சம்பளத்துக்குப் போகிறவள் இல்லை. தனி வீட்டு வாடகையும் சிதம்பரம் சம்பளத்திலிருந்துதான் வர வேண்டும். அவன் மனம் மாறாமல் இருந்திருந்தால் அவள் என்ன செய்திருப்பாள்? படம் அதைக் கேட்கவில்லை. நாம் கேட்க வேண்டும்.

நம் கணக்கு

விடியுமுன் மல்லிகை பறித்து நிலக்கோட்டை மார்க்கெட்டுக்கு அனுப்பிவிட்டு, வந்து சோறாக்கி, பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பும் பெண்கள் நம் குழுக்களில் இருக்கிறார்கள். கடன் அவர்கள் பேரில். கையெழுத்து அவர்களுடையது. வாங்கிய வண்டி யார் பேரில்? கட்டிய வீட்டுப் பத்திரம் யார் பேரில்? தவணை தவறினால் குழுவில் தலைகுனிந்து நிற்பது யார்?

சட்டம் மெதுவாக நம் பக்கம் வருகிறது. கணவர் சவூதியில் சம்பாதித்து அனுப்பிய பணத்தில் வாங்கிய சொத்து பற்றிய ஒரு வழக்கில், 2023 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. மனைவி வீட்டைப் பார்த்துக்கொண்டதால்தான் கணவரால் சம்பாதிக்க முடிந்தது, அந்த உழைப்பும் சொத்து சேர்த்ததில் பங்குதான் என்றது. இதனால் எல்லா வீட்டிலும் தானாகப் பங்கு வந்துவிடும் என்று இருந்துவிடக் கூடாது. ஒவ்வொரு வழக்கும் வேறு. வாங்கும்போதே இருவர் பேரிலும் பதிவு செய்வதுதான் பாதுகாப்பு. சிக்கல் என்றால் திண்டுக்கல்லில் உள்ள மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம். பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு. அவசரத்துக்கு மகளிர் உதவி எண் 181.

குழுக் கூட்டத்தில் பேச

1. கடைசியாக நாம் வாங்கிய கடனில் வந்த பொருள் யார் பேரில் இருக்கிறது?

2. ஒரு நாள் வீட்டில் செய்யும் வேலைகளை நேரம் போட்டு எழுதிப் பாருங்கள். அதற்குக் கூலி போட்டால் எவ்வளவு வரும்?

3. உமா எடுத்த முடிவு சரியா? மாமியார்களும் மருமகள்களும் சேர்ந்து பேசுங்கள்.

ஊக்குநர்கள் பேசியதைக் குறித்து அனுப்பினால் அடுத்த இதழில் போடுகிறோம். வீட்டில் ஆண்களையும் பக்கத்தில் உட்கார வைத்து இந்தப் படத்தை ஒருதடவை பாருங்கள். சிதம்பரம் கணக்குப் போடும் இடம் வரும்போது, விட்டுப்போன வரவு எது என்று அவர்களையே கேளுங்கள்.