கல் பாவிய பாதையும் காற்றுப் போன சக்கரமும்

பெங்களூரில் சிவாஜிநகர்ப் பேருந்து நிலையத்திலிருந்து சற்றே நடந்தால் கமர்ஷியல் தெரு வந்துவிடும். துணி எடுக்கவும் நகை பார்க்கவும் வருவோர் தோளோடு தோள் உரசிச் செல்லும் தெரு அது. 2020, 2021-ஆம் ஆண்டுகளில் அத்தெருவின் தாரைப் பெயர்த்துவிட்டுக் கல் பாவினார்கள். கடைகள் திறவாத விடியற்காலையில் அக்கற்களின்மீது ஓர் இளைஞன் மிதிவண்டியில் மேலும் கீழுமாகப் போய்வருவதை இப்பகுதியினர் கண்டிருக்கலாம். அவன் என் தமக்கையின் மகன். நல்ல தார்ச்சாலை இருக்க, அவன் எதற்காக இக்கற்களை நாடுகிறான் என்பதை விளக்குவதே இவ்வுரையின் நோக்கம்.

2023-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் நகருக்கு வெளியே நடந்த ஒரு மிதிவண்டிப் பந்தயத்தில் அவன் கலந்துகொண்டான். அதற்காக ஆறு மாதம் இருட்டோடு எழுந்து பயின்றவன். முதல் பத்துப் பேருக்குள் வந்துகொண்டிருந்தபோது பின்சக்கரம் பஞ்சராகிவிட்டது. வீடு திரும்பியவன் வண்டியைச் சுவரில் சாய்த்துவிட்டு ஒரு சொல்லும் பேசவில்லை. அவ்வண்டி என் தமக்கை சீட்டு எடுத்த பணத்தில் வாங்கியது. “எல்லாம் தலையெழுத்து. வண்டியை விற்றுவிட்டு வங்கித் தேர்வுக்குப் படிக்கச் சொல், தம்பி” என்று அவள் என்னிடம் முறையிட்டாள்.

அதே மாதத்தில் பிரான்சு நாட்டில் பாரிஸ்–ரூபே பந்தயம் நடந்தது. அதைக் கைப்பேசியில் பார்த்துக்கொண்டிருந்தவன் என்னை அழைத்துக் காட்டினான். முடிவுக்கு ஏறத்தாழ 15 கிலோமீட்டர் இருக்கையில், பெல்ஜியத்தின் வவுட் வான் ஆர்ட்டும் நெதர்லாந்தின் மாத்யூ வான் டெர் பூலும் மற்றவர்களைப் பின்னே விட்டு முன்னேறினார்கள். அந்தக் கற்பாதையிலேயே வான் ஆர்ட்டின் சக்கரத்தில் காற்று இறங்கிவிட்டது. வான் டெர் பூல் தனியே சென்று வென்றார். “பார்த்தீர்களா மாமா! உலகத்திலேயே சிறந்தவருக்கும் இதுதான் கதி. அப்படியானால் திறமைக்கு இங்கே என்ன வேலை?” என்று கேட்டான்.

அன்று என்னால் விடை கூற இயலவில்லை. திருக்குறளில் ஊழ் என்று ஓர் அதிகாரமும் ஆள்வினையுடைமை என்று ஓர் அதிகாரமும் உண்டு. இரண்டையும் செய்தவர் ஒருவரே என்பதை நினைத்துக்கொண்டு பேசாதிருந்தேன். பின்னர்ப் படித்தும் விசாரித்தும் அறிந்தவற்றையே ஈண்டுக் கூறுகிறேன்.

இப்பந்தயம் 1896-ஆம் ஆண்டு தொடங்கியது. ரூபே என்பது வடபிரான்சிலுள்ள நெசவாலை நகரம். அந்நகரின் ஆலை முதலாளிகளான தியோடோர் வியேன், மோரிஸ் பெரேஸ் என்னும் இருவர் தம் ஊரில் கட்டிய பந்தய மைதானத்துக்குப் பெயர் தேடித் தரும்பொருட்டு இதை ஏற்படுத்தினர். முதல் ஆண்டு வென்றவர் யோசெஃப் ஃபிஷர் என்னும் ஜெர்மானியர். பெயரில் பாரிஸ் இருப்பினும், 1977 முதல் பந்தயம் அதற்கு வடக்கேயுள்ள காம்பியேன் நகரிலிருந்தே புறப்படுகிறது. மொத்தத் தொலைவு ஏறத்தாழ 260 கிலோமீட்டர். அதில் ஐம்பத்தைந்து கிலோமீட்டர் அளவு கல் பாவிய பாதை. அக்கற்பாதை ஒரே தொடராக இராமல் முப்பது துண்டுகளாக ஆங்காங்கே வருகிறது. முதல் உலகப் போரில் குண்டுகளால் சிதைந்துபோன அந்நிலப்பரப்பை 1919-இல் பார்வையிட்டவர்கள் ‘வடக்கின் நரகம்’ என்று வருணித்தார்கள். அப்பெயரே பந்தயத்துக்கு நிலைத்துவிட்டது.

கல் பாவிய பாதையைப் பிரெஞ்சு மொழியில் ‘பாவே’ என்கிறார்கள். கல்லைப் பரப்பிப் பதிப்பதை நாமும் ‘பாவுதல்’ என்றே சொல்லுகிறோம். மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட எனக்கு இது வியப்பாயிற்று. ஆனால் இரண்டுக்கும் உறவு இல்லை. பிரெஞ்சுச் சொல் இலத்தீனிலிருந்து வந்தது. ஒலி ஒத்தமைந்தது தற்செயலே. அதிர்ஷ்டத்தைப் பற்றிய பேச்சில் இதுவும் இருக்கட்டும்.

கமர்ஷியல் தெருவின் கற்கள் இயந்திரத்தால் அறுக்கப்பட்டு மட்டமாக அடுக்கப்பட்டவை. ரூபேயின் கற்களோ குடியானவர்களின் வண்டிகள் பல தலைமுறை உருண்டு தேய்ந்தவை; ஒன்று எழும்பி நிற்கும், அடுத்தது அமிழ்ந்திருக்கும், இடையில் விரலளவு சந்து இருக்கும். பாதையின் நடுப்பகுதி ஆமை முதுகுபோல் உயர்ந்து, இரு ஓரமும் சரிந்து, அதற்கப்பால் மண்ணும் சேறுமாக இருக்கும். மழை பெய்தால் கல் வழுக்கும். வெயில் அடித்தால் புழுதி கண்ணை மறைக்கும். இவற்றுள் ஆரன்பெர்க் காட்டு வழி மிகக் கொடியது. இரண்டேகால் கிலோமீட்டருக்கு மேல் நூல் பிடித்தாற்போல் நேரே செல்லும் இவ்வழியைப் பந்தயத்தில் சேர்க்கச் சொன்னவர் ஜான் ஸ்டாப்லின்ஸ்கி என்னும் பந்தய வீரர். இவ்வழிக்கு அடியிலிருந்த நிலக்கரிச் சுரங்கத்திலேயே இளமையில் வேலை செய்தவர் அவர். 1968-இல் இது முதன்முதலாகச் சேர்க்கப்பட்டது.

இத்தகைய கல்லில் வண்டி எப்படி ஓடுகிறது? நான் கலைப் பட்டதாரி. பௌதிகம் பள்ளியோடு நின்றுவிட்டது. ஆயினும் விஷயம் விளங்காததன்று. மெல்லப் போனால் சக்கரம் ஒவ்வொரு சந்திலும் விழுந்து எழும். விரைந்து போனால் கல்லின் தலையைத் தொட்டுத் தொட்டுத் தாவிவிடும். ஆகவே அஞ்சி வேகத்தைக் குறைப்பவனுக்கே அதிர்ச்சி அதிகம். கைப்பிடியை இறுகப் பற்றினால் அதிர்வு முழுவதும் தோளுக்கு ஏறி, வண்டியும் நெளியும். தளரப் பிடித்தால் வண்டி தன் வழியைத் தானே தேடிக்கொள்ளும். உடற்பாரத்தைச் சற்றுப் பின்னுக்குத் தள்ளி, கனமான கியரில் நிதானமாக மிதிக்க வேண்டும். ஓரத்து மண் மெத்தென்று இருப்பதுபோல் தோன்றி அழைக்கும். ஆனால் டயரைக் கிழிக்கும் கூர்ங்கற்கள் கிடப்பதும் அங்கேதான். நடு முதுகில் போவது எலும்பை நொறுக்கும், ஆனால் டயரைக் காக்கும்.

இனிக் காற்றைப் பற்றிப் பேசலாம். என் மருமகனின் கேள்விக்கு விடை பெரும்பாலும் இங்கேதான் இருக்கிறது. டயரில் காற்று மிகுதியாக இருந்தால் வண்டி பந்துபோல் துள்ளும், பிடிப்பு இராது. மிகக் குறைவாக இருந்தால் கல்லின் விளிம்பு டயரை அமுக்கிச் சக்கரத்தின் வளையத்தோடு மோதும்; இரண்டுக்கும் இடையில் அகப்பட்டது நசுங்கிக் கிழியும். முற்காலத்தில் ஒல்லியான டயரில் சதுர அங்குலத்துக்கு நூறு பவுண்டு அழுத்தம்வரை அடைத்தார்கள். இன்று 30 முதல் 32 மில்லிமீட்டர் அகலமுள்ள, உள்ளே ட்யூப் இல்லாத டயரில் அதில் பாதி அளவே அடைக்கிறார்கள். ஓட்டுபவரின் எடைக்கும் அன்றைய வானிலைக்கும் தக்கபடி அளவு மாறும். இதற்காகவே பந்தயத்துக்குச் சில நாள் முன்பாக வந்து பாதையை ஓட்டிப் பார்க்கிறார்கள். என் மருமகன் அன்று என்ன அழுத்தத்தில் ஓட்டினான் என்று கேட்டேன். “கட்டை விரலால் அழுத்திப் பார்த்தேன், கல்லாக இருந்தது” என்றான். பஞ்சருக்குக் காரணம் அதுதான் என்று நான் சாதிக்கவில்லை. ஆனால் தலையெழுத்தைக் குறை சொல்லுமுன் அளவுமானியைப் பார்த்திருக்கலாம்.

திறமையின் இன்னொரு கூறு, நிற்கும் இடம். அக்கற்பாதைகள் குறுகியவை. முன்னே ஒருவர் விழுந்தால் பின்னே வருபவர்களும் விழவேண்டும், அல்லது நிற்கவேண்டும். ஆகவே ஆரன்பெர்க்கில் நுழையுமுன் முன்வரிசையைப் பிடிக்க நடக்கும் போட்டி, பந்தயத்தின் இறுதிப் போட்டியைவிடக் கடுமையாக இருக்கும். பின்னே போய் விழுந்தவர் ‘என் துரதிருஷ்டம்’ என்பார். அவர் பின்னே போனது எதனால் என்று யாரும் கேட்பதில்லை. பெண்களுக்கான பந்தயம் முதன்முதலாக 2021 அக்டோபரில் நடந்தபோது இங்கிலாந்தின் லிசி டீக்னன் முதற் கற்பாதையிலேயே விரைந்து பிரிந்து, 82 கிலோமீட்டர் தனியாக ஓட்டி வென்றார். மழையில் பின்னே பலர் சறுக்கி விழுந்தார்கள். அவருக்கு முன்னே விழுவதற்கு ஒருவருமில்லை. முடிவில் அவருடைய கைப்பிடியில் இரத்தக் கறை இருந்தது.

அப்படியானால் அதிர்ஷ்டமே இல்லையா என்று கேட்டால், உண்டு. வேண்டிய மட்டும் உண்டு. 1988-இல் சுவிட்சர்லாந்தின் தாமஸ் வெக்முல்லரும் பெல்ஜியத்தின் டிர்க் டெமோலும் முன்னணியில் இருந்தனர். முடிவு நெருங்குகையில் எங்கிருந்தோ பறந்து வந்த பிளாஸ்டிக் பை ஒன்று வெக்முல்லரின் கியர் அமைப்பில் சிக்கிக்கொண்டது. எடுத்தும் முழுதாக வரவில்லை. கியர் மாற்ற முடியாத வண்டியோடு இறுதி ஓட்டத்தில் அவரால் ஒன்றும் செய்ய இயலவில்லை. டெமோல் வென்றார். 2006-இல் மூன்று வீரர்கள் மூடியிருந்த ரயில்வே கேட்டைத் தாண்டிச் சென்றமைக்காகத் தகுதி இழந்தார்கள். அவர்களுக்குப் பின்னால் வந்த டாம் போனன் எதிர்பாராமல் இரண்டாம் இடம் பெற்றார். நம்மூரில் கேட்டுக்குக் கீழே குனிந்து செல்வோர் இதைக் கவனிக்க. 2021-இல் ஆண்கள் பந்தயமும் மழையில் நடந்தது. 2002-க்குப் பின் முதல் மழை. முதல் மூன்று இடங்களையும் பெற்றவர்கள் அதற்குமுன் அப்பந்தயத்தில் ஓடியே இராதவர்கள்! வென்றவர் இத்தாலியின் சோனி கோல்பிரெல்லி. தனியே முன்னால் சென்றுகொண்டிருந்த ஜானி மோஸ்கோனுக்கு முதலில் பஞ்சர், பின்னர்ச் சறுக்கல்.

எனினும், இது முழுதும் குலுக்கல் சீட்டாக இருந்தால் பெயர்கள் திரும்பத் திரும்ப வரக்கூடாது. ஏறத்தாழ 175 பேர் புறப்படுகிறார்கள். அவர்களுள் இருபது பேருக்கே வெல்லும் வாய்ப்பு என்று வைத்துக்கொண்டாலும், ஓராண்டு வென்றவர் அடுத்த இரண்டாண்டும் வெறும் அதிர்ஷ்டத்தால் வெல்வதற்கு நானூற்றில் ஒரு பங்கே இடமுண்டு. ஆனால் லாபீஸ் 1909 முதல் 1911 வரையிலும், மோசர் 1978 முதல் 1980 வரையிலும், வான் டெர் பூல் 2023 முதல் 2025 வரையிலும் தொடர்ந்து மும்முறை வென்றிருக்கிறார்கள். பெல்ஜியத்தின் ரோஜர் டி விளேமிங்க் நான்கு முறை முதலிடமும் நான்கு முறை இரண்டாமிடமும் பெற்றார். அவரும் சரி, வான் டெர் பூலும் சரி, குளிர்காலத்தில் சேற்று வயல்களில் நடக்கும் மிதிவண்டிப் பந்தயத்திலும் உலகப் பட்டம் வென்றவர்கள். வழுக்கும் தரையில் வண்டியை நிறுத்திப் பிடிக்கும் வித்தையை அங்கே கற்றவர்களுக்கு இங்கே கல் சற்று இணங்குகிறது போலும்.

என்னை மிகவும் கவர்ந்தவர்கள், அதிர்ஷ்டம் அடித்துக் கீழே தள்ளியபின் எழுந்தவர்கள். பிரான்சின் பெர்னார் ஈனோ இப்பந்தயத்தை மனமார வெறுத்தவர். 1981-இல் பலமுறை விழுந்தார். முடிவுக்குச் சில மைல் இருக்கையில் ஒரு நாய் குறுக்கே ஓடி அவரை மறுபடியும் தள்ளிற்று. எழுந்து, முன்னணியை எட்டிப் பிடித்து, மைதானத்து இறுதி ஓட்டத்தில் டி விளேமிங்கையும் மோசரையும் வென்றார். நாய் வந்தது ஊழ், மற்றதெல்லாம் அவருடையது. ஆஸ்திரேலியாவின் மாட் ஹேமன் 2016-இல் பந்தயத்துக்கு ஆறு வாரம் முன்பு கை எலும்பு முறிந்தவர். வீட்டில் அசையாது நிறுத்திய வண்டியிலேயே பயின்று வந்தார். பல ஆண்டுகள் வந்து ஒருமுறையும் வெல்லாதிருந்தவர், அன்று ஐந்தாம் வெற்றியை நாடிய டாம் போனனையே இறுதி ஓட்டத்தில் முந்தினார். அதிர்ஷ்டம் அன்று அவர் பக்கம் இருந்தது மெய்யே. முந்தைய ஆண்டுகளில் அது வராதபோதும் அவர் வந்திருந்தார்.

பஞ்சருக்கும் இப்படியே முன்னேற்பாடு உண்டு. ஒவ்வொரு அணியும் கற்பாதைத் துண்டுகளின் முடிவில் மாற்றுச் சக்கரத்தோடு ஆட்களை நிறுத்துகிறது. ஏற்பாடு உள்ளவருக்குப் பஞ்சர் அரை நிமிடத் தாமதம். இல்லாதவருக்கு அதுவே முடிவு. 2025-இல் வான் டெர் பூலுக்கும் பஞ்சர் ஆயிற்று. ஆனால் அதற்குள் அவர், வளைவு ஒன்றில் தவறி விழுந்த ததேய் பொகாச்சாரைவிட நெடுந்தூரம் முன்னே இருந்தார். வண்டியை மாற்றிக்கொண்டு போய் வென்றார்.

இவ்வளவையும் ஒரே நாளில் மருமகனிடம் சொல்லவில்லை, சொன்னாலும் கேட்டிருக்கமாட்டான். சாப்பிடும்போதும் பேருந்துக்குக் காத்திருக்கும்போதும் சிறிது சிறிதாகப் பேசிக்கொண்டோம். வண்டி விற்கப்படவில்லை. வங்கித் தேர்வுக்கும் படிக்கிறான். அது தமக்கையோடு செய்துகொண்ட உடன்படிக்கை. அளவுமானி ஒன்று வாங்கிக் கொடுத்தேன். இப்போது காலையில் கமர்ஷியல் தெருவுக்குப் புறப்படுமுன் வாசலில் குந்தி, காற்றை அடைப்பதும், அளந்து பார்த்துச் சிறிது இறக்குவதும், மறுபடி அளந்து நோட்டில் குறிப்பதுமாக இருக்கிறான். “அடித்த காற்றை எதற்கடா திரும்பப் பிடுங்குகிறாய்?” என்று என் தமக்கை நாள்தோறும் கேட்கிறாள்.