கேமரா கண் திறக்கும் முன் என்னென்ன நடக்கிறது, தெரியுமா?

படம் நன்றாக வந்தால் லென்ஸைப் புகழ்கிறோம், மெகாபிக்சலைப் புகழ்கிறோம். இயங்குதளத்துக்குள் இருந்து வேலை வாங்கும் கேமரா டிரைவரை யார் நினைக்கிறார்கள்? சென்சாருக்கு மின்சாரம் மட்டும் போதாது. சீராகத் துடிக்கும் ஒரு மின் சமிக்ஞையும் வேண்டும். அதுதான் கிளாக். அது மணி காட்டாது; ஆனால் நின்றால் படமே கிடையாது! ராஸ்பெர்ரி பை கேமரா மாட்யூல் 2இல் உள்ள சோனி ஐஎம்எக்ஸ்219 சென்சாரையும் அதன் லினக்ஸ் டிரைவரையும் திறந்து பார்த்தால் ஆச்சரியங்கள் கொட்டுகின்றன.

நொடிக்கு 2.4 கோடி துடிப்பு!
இந்தச் சென்சாருக்குள் நுழையும் கிளாக் 24 மெகாஹெர்ட்ஸ். ஒரு துடிப்புக்குச் சுமார் 42 நானோநொடி. அதற்குள் ஒளியே ஏறத்தாழ 12 மீட்டர்தான் ஓட முடியும்! வேறு எண்ணைக் காட்டினால் டிரைவர் ஏற்காது. பிழைச்செய்தி எழுதிவிட்டு விலகிக்கொள்ளும்.

எழுப்புவதற்கும் ஒரு வரிசை உண்டு, தெரியுமா?
முதலில் மூன்று மின்னழுத்தங்கள், அடுத்து கிளாக், அதன்பின் ரீசெட் விடுதலை. உடனே பேச்சுக் கொடுக்கக் கூடாது, 6.2 மில்லிநொடியாவது பொறுக்க வேண்டும். பிறகுதான் ஐ2சி கம்பி வழியாக டிரைவர் "நீ யார்?" என்று கேட்கும். சென்சார் 0219 என்று தன் அடையாள எண்ணைச் சொல்லும். ஆம்னிவிஷன் ஓவி5675 சென்சாருக்கோ காத்திருப்பின் கணக்கே துடிப்பில்தான்: முதல் பேச்சுக்கு முன் 8192 துடிப்புகள்! 19.2 மெகாஹெர்ட்ஸில் அது சுமார் 427 மைக்ரோநொடி. கிளாக் வராவிட்டால் பல சென்சார்கள் வாயே திறப்பதில்லை. புதிய பலகையில் சென்சார் பதில் தராவிட்டால், கிளாக் வருகிறதா என்றும் பார்த்தாக வேண்டும்.

456இலிருந்து 182.4 எப்படி வந்தது?
உள்ளே வந்த 24 மெகாஹெர்ட்ஸைச் சென்சாரின் பிஎல்எல் சுற்று பெருக்குகிறது. படத்தைக் கடத்தும் பாதையின் வேகம் 456 மெகாஹெர்ட்ஸ். துடிப்பின் ஏற்றத்திலும் இறக்கத்திலும் தரவு போவதால் 2ஆல் பெருக்குங்கள். பாதைகள் இரண்டு, மறுபடியும் 2. ஒரு பிக்சலுக்கு 10 பிட், எனவே 10ஆல் வகுங்கள். நொடிக்கு 18.24 கோடி பிக்சல்!

ஷட்டர் நேரத்தை வரிகளில் எண்ணுகிறார்கள்!
ஒரு வரி முடிய 3448 பிக்சல் நேரம், அதாவது 18.9 மைக்ரோநொடி. நீங்கள் கேட்கும் 1/100 நொடி, டிரைவருக்குச் சுமார் 529 வரிகள். 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் பல விளக்குகள் நொடிக்கு 100 முறை மினுக்குகின்றன. ஷட்டர் நேரம் இந்த மினுக்கலோடு பொருந்த வேண்டும். கிளாக் கணக்கு பிசகினால் வரி நேரம் பிசகும், படத்தில் பட்டை பட்டையாகக் கோடு விழும்.

இஷ்டத்துக்கு வேகத்தை மாற்றலாமா?
கூடாது! கிளாக் சமிக்ஞை சிப்பை விட்டு வெளியே வந்து கம்பிகளில் ஓடுகிறது. தவறான அதிர்வெண் அதே கருவியின் மற்ற பாகங்களுக்குத் தொல்லை தரலாம். அதனால்தான் வடிவமைப்பாளர் குறித்துக் கொடுத்த அதிர்வெண்களை மட்டுமே பயன்படுத்த வேண்டும் என்கின்றன லினக்ஸ் கெர்னல் ஆவணங்கள்.

ஒரே கிளாக், பல வாடிக்கையாளர்கள்!
2012இல் லினக்ஸ் 3.4இல் பொதுக் கிளாக் கட்டமைப்பு சேர்ந்தது. அதில் கிளாக்கைத் தொடங்க இரண்டு படிகள். 'பிரிப்பேர்' நிதானமாகக் காத்திருக்கலாம். 'எனேபிள்' கண நேரமும் தூங்கக் கூடாது. இரண்டு டிரைவர்கள் ஒரே கிளாக்கைக் கேட்டால்? பொதுக் கிணற்று மோட்டாரைப் போலத்தான்: ஒருவர் போதும் என்றதும் நிற்காது, கடைசி ஆளும் சொன்னால்தான் நிற்கும். கெர்னல் எண்ணிக்கை வைத்திருக்கிறது. அது பூஜ்யமானால்தான் கிளாக் அணையும். ஒரு டிரைவர் அணைக்க மறந்தால் போதும், கேமரா மூடிய பிறகும் பேட்டரி கரையும்! கணினி துவங்கி முடியும் தறுவாயில், யாரும் கேட்காத கிளாக்குகளைக் கெர்னலே தேடி அணைத்துவிடுகிறது என்பது இன்னொரு வியப்பு.

வெப்கேமுக்குத் தனிக் கணக்கு!
யுஎஸ்பி வெப்கேமின் கிளாக்கும் கணினியின் கிளாக்கும் வேறு வேறு. இரண்டையும் பொருத்திப் பார்க்க, மில்லிநொடிக்கு ஒன்று கூடும் யுஎஸ்பியின் 11 பிட் எண்ணி உதவுகிறது. அது 2047ஐத் தொட்டதும் மறுபடி 0! ஏறத்தாழ 2 நொடிக்கு ஒருமுறை நடக்கும் இந்தச் சுற்றையும் டிரைவர் கவனித்தே ஒவ்வொரு படத்துக்கும் நேரம் கணிக்க வேண்டும்.

உங்களிடம் ராஸ்பெர்ரி பை இருக்கிறதா? ரூட் அனுமதியோடு, கெர்னலின் உள் விவரங்களைக் காட்டும் டீபக்எஃப்எஸ்ஸின் கிளாக் அடைவில் உள்ள 'கிளாக் சம்மரி' கோப்பைத் திறந்து பாருங்கள். எந்தக் கிளாக் எந்த வேகத்தில் ஓடுகிறது, எத்தனை பேர் கேட்டிருக்கிறார்கள் என்று வரிசையாகக் காட்டும். கேமராவை இயக்குமுன் ஒருமுறை, இயக்கியபின் ஒருமுறை பார்த்து ஒப்பிடுங்கள்!