கண்ணாடி மாறினால் பார்வையும் மாறும்

ஜெயங்கொண்டத்திலிருந்து கங்கைகொண்ட சோழபுரம் நோக்கி வருவோருக்கு, ஊரை நெருங்கும்போதே கோயில் விமானம் மரங்களுக்கு மேலே தெரியத் தொடங்கிவிடும். முதலாம் இராசேந்திர சோழன் 11-ஆம் நூற்றாண்டில் எடுப்பித்த இவ்விமானத்தின் உயரம் ஏறத்தாழ 55 மீட்டர். இச்சாலையில் வந்துகொண்டிருந்த என் நண்பர் ஒருவரின் காரை, முன்னே சென்ற லாரியிலிருந்து தெறித்த கல் ஒன்று பதம் பார்த்துவிட்டது. முகப்புக் கண்ணாடியில் நீண்ட விரிசல். சுண்ணாம்புக்கல்லும் சிமெண்டும் ஏற்றிய லாரிகள் ஓயாமல் ஓடும் அரியலூர் மாவட்டத்தில் இது புதுமையன்று.

ஒரே நாளில் புதிய கண்ணாடி பொருத்தப்பட்டது. ஆனால், அடுத்த வாரமே கார் விசித்திரமாக நடந்துகொண்டது. நேரான சாலையில் ஸ்டீயரிங் தானாகவே இடப்புறம் இழுத்தது. முன்னே நின்ற டிராக்டரை நெருங்கியபோது எச்சரிக்கை மணி தாமதமாக ஒலித்தது. எச்சரிக்கை விளக்கு எதுவும் எரியவில்லை. “கண்ணாடிதானே சார் புதுசு? காமிரா பழையதுதானே? அதற்கு என்ன வந்தது?” என்று கேட்டார் நண்பர். நல்ல கேள்வி! இதற்கான விடை பள்ளி இயற்பியலிலேயே இருக்கிறது.

காருக்கு வந்த கண்

ஓட்டுநருக்குத் துணைபுரியும் காமிராக்கள் இன்று நம் நாட்டுக் கார்கள் பலவற்றில் உள்ளன. 2021-ஆம் ஆண்டில் வெளிவந்த மஹிந்திரா எக்ஸ்யூவி 700, எம்.ஜி. ஆஸ்டர் ஆகியவற்றின் உயர்வகைகளில் இவ்வசதி இடம்பெற்றது. உட்புறக் கண்ணாடிக்குப் பின்னால், முகப்புக் கண்ணாடியை ஒட்டினாற்போல் ஒரு சிறு காமிரா அமர்ந்திருக்கும். சாலையின் வெள்ளைக் கோடுகளையும், முன்செல்லும் வண்டிகளையும், நடந்து செல்வோரையும் அது இடைவிடாமல் படம் பிடிக்கிறது. கணிப்பொறி அப்படங்களை ஆராய்ந்து, தேவையானால் எச்சரிக்கிறது, ஸ்டீயரிங்கைத் திருத்துகிறது, பிரேக்கும் போடுகிறது.

படத்தில் ஒரு வண்டி எங்கே விழுகிறது என்பதைக் கொண்டு, அது சாலையில் எங்கே நிற்கிறது என்று கணிப்பொறி எப்படி அறிகிறது? காமிரா எந்தத் திசையை நோக்கி நிற்கிறது என்பது அதற்கு முன்பே சொல்லப்பட்டிருக்கிறது. அந்தத் திசை சற்று மாறினாலும் கணக்கு முழுவதும் பிழையாகிவிடும்.

அரை பாகை செய்யும் வேலை

காமிரா தரையிலிருந்து 1.3 மீட்டர் உயரத்தில் இருப்பதாகக் கொள்வோம். 50 மீட்டர் தொலைவில் ஒரு டிராக்டர் நிற்கிறது. அதன் சக்கரம் தரையைத் தொடும் புள்ளி, கிடைமட்டத்திலிருந்து 1.49 பாகை கீழே தெரியும். உயரத்தை இக்கோணத்தின் டேன்ஜெண்ட் மதிப்பால் வகுத்தால் தொலைவு கிடைத்துவிடும்.

இப்போது காமிரா அரை பாகை கீழ்நோக்கிச் சாய்ந்துவிட்டது என்க. அப்புள்ளி அதற்கு 0.99 பாகை கீழேதான் தெரியும். கணிப்பொறி கணக்கிடும் தொலைவோ 75 மீட்டர்! உண்மையில் 50 மீட்டரில் இருக்கும் டிராக்டர் 25 மீட்டர் தள்ளி நிற்பதாக அது நம்பிவிடுகிறது. மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் கார் விநாடிக்கு 22 மீட்டர் ஓடும். எனவே எச்சரிக்கை ஒரு விநாடிக்கும் மேலாகத் தாமதமாகலாம். உயிர் பிழைப்பதும் பிழைக்காததும் அந்த ஒரு விநாடியில்தான் அடங்கியிருக்கிறது. மாறாக, காமிரா அரை பாகை மேல்நோக்கிச் சாய்ந்தால் டிராக்டர் 37 மீட்டரில் இருப்பதாகத் தோன்றும். தேவையின்றி பிரேக் விழும். பின்னால் வருபவர் மோதக்கூடும்.

பக்கவாட்டுப் பிழையும் இப்படித்தான். காமிரா வலப்புறம் அரை பாகை திரும்பியிருந்தால், 100 மீட்டர் தொலைவிலுள்ள கோடு 87 சென்டிமீட்டர் இடப்புறம் தள்ளித் தெரியும். நெடுஞ்சாலையில் ஒரு தடத்தின் அகலம் 3.5 மீட்டர்தான், அதில் கால் பங்கு பிழை! பாதை இடப்புறம் செல்வதாக எண்ணிக் காரையும் அது இடப்புறம் இழுக்கும். நண்பரின் காரில் நேர்ந்தது இதுவே.

சில கார்களில் காமிராவோடு ராடாரும் உண்டு. பொருளின் உருவ அளவைக் கொண்டும் கணிப்பொறி தொலைவைச் சரிபார்ப்பதுண்டு. ஆனால், தவறாகப் பார்க்கும் கண்ணை நம்பி வண்டி ஓட்ட முடியுமா?

பிழை எங்கிருந்து வருகிறது?

முகப்புக் கண்ணாடி ஒற்றைத் தகடு அன்று. இரண்டு கண்ணாடித் தகடுகளும், அவற்றின் நடுவே பாலிவினைல் பியூட்டிரால் என்ற பிளாஸ்டிக் படலமும் சேர்ந்தது. கல் பட்டால் விரிசல் விடுமே தவிர, சில்லுகள் முகத்தில் சிதறா. 1903-இல் எட்வர்ட் பெனடிக்டஸ் என்ற பிரெஞ்சு வேதியியலாரின் குடுவை கீழே விழுந்தும் சிதறாமல் நின்றதிலிருந்து பிறந்த கருத்து இது. அக்குடுவையின் உட்புறம் செல்லுலோஸ் நைட்ரேட் படிந்திருந்தது.

இரு பக்கங்களும் இணையாக உள்ள கண்ணாடியின் வழியே செல்லும் ஒளிக்கதிர் திசை மாறுவதில்லை. சற்று விலகி, முன்பிருந்த திசையிலேயே செல்கிறது. 5 மில்லிமீட்டர் தடிப்புள்ள கண்ணாடியில் 60 பாகை சாய்வாக விழும் கதிர் ஏறத்தாழ இரண்டரை மில்லிமீட்டர் விலகும். 50 மீட்டர் தொலைவைப் பார்க்கும் காமிராவுக்கு இது பொருட்டன்று. ஆனால், தடிப்பு ஓர் ஓரத்தில் சற்றுக் கூடி ஆப்பு வடிவானால், கண்ணாடி ஒரு மெல்லிய முப்பட்டகமாகிவிடும். அப்போது கதிரின் திசையே மாறும். கண்ணாடியின் வளைவில் உள்ள சிறு வேறுபாடும் அவ்வாறே.

இதைவிட முக்கியமானது காமிராவைத் தாங்கும் பிடிப்பு. பல கார்களில் அது கண்ணாடியிலேயே ஒட்டப்பட்டிருக்கும். 5 சென்டிமீட்டர் நீளமுள்ள பிடிப்பின் ஒரு முனை 0.44 மில்லிமீட்டர் உயர்ந்தால் அரை பாகை சாய்வு வந்துவிடும். நான்கு எழுதுதாள்களை அடுக்கிப் பாருங்கள். அவ்வளவுதான் அந்தத் தடிப்பு! கண்ணாடியைச் சட்டத்தில் ஒட்டும் பசையின் கனமும் இதனோடு சேர்ந்துகொள்ளும். கையால் எவ்வளவு கவனமாகப் பொருத்தினாலும் இத்தகைய துல்லியம் கிட்டாது.

அளவுத்திருத்தம்

ஆகவே காமிராவுக்கு அதன் புதிய நிலையைக் கற்பிக்க வேண்டும். இதுவே அளவுத்திருத்தம். இதில் இரண்டு முறைகள் உள்ளன.

முதலாவது, நிலைத்த முறை. மட்டமான தரையில் காரை நிறுத்தி, டயர்களில் உரிய காற்று நிரப்பி, சுமைகளை இறக்கிவிடுவார்கள். சில கார்களுக்கு எரிபொருள் தொட்டியும் நிரம்பியிருக்க வேண்டும். காரின் நடு அச்சுக்கு நேராக, தயாரிப்பாளர் குறித்த தொலைவிலும் உயரத்திலும் கறுப்பு வெள்ளைக் கட்டங்கள் கொண்ட பலகை வைக்கப்படும். கட்டங்கள் எங்கே தெரிய வேண்டும் என்பதும் எங்கே தெரிகின்றன என்பதும் ஒப்பிடப்படும். அவ்வேறுபாட்டைக் கணிப்பொறி நினைவில் வைத்துக்கொண்டு, இனி ஒவ்வொரு படத்திலும் திருத்திக்கொள்ளும்.

இரண்டாவது, ஓட்ட முறை. சோதனைக் கருவியைக் காரில் இணைத்து, குறித்த வேகத்தில் ஓட்டுவார்கள். காமிரா சாலைக் கோடுகளைப் பார்த்துத் தன்னைச் சரிசெய்துகொள்ளும். கோடுகள் தெளிவாக இருக்க வேண்டும்; தேய்ந்துபோன கிளைச் சாலையில் இது நடவாது. சில கார்களுக்கு இரண்டு முறைகளுமே தேவைப்படும்.

நினைவில் கொள்ள வேண்டியவை

கண்ணாடி மாற்றக் கொடுக்குமுன், அளவுத்திருத்தம் செய்து தரப்படுமா என்று கேளுங்கள். செய்தபின் அதற்கான அச்சுப்பிரதியை வாங்கிக்கொள்ளுங்கள். காப்பீட்டுக்கு எழுதும்போது இக்கட்டணத்தையும் சேர்க்க முடியுமா என விசாரியுங்கள். சக்கர நேர்ப்பு, சஸ்பென்ஷன் வேலை, முன்புற மோதல் ஆகியவற்றுக்குப் பிறகும் அளவுத்திருத்தம் தேவையா என்று கையேட்டைப் பாருங்கள். அது முடியும்வரை துணைக் கருவிகளை நம்பாமல் உங்கள் கண்ணையே நம்பி ஓட்டுங்கள். விளக்கு எரியாததால் எல்லாம் சரி என்று எண்ணிவிட வேண்டாம். தான் சாய்ந்திருப்பது காமிராவுக்கே தெரியாமல் போகலாம்.

நண்பர் பிறகு காரை நகரத்துப் பணிமனைக்குக் கொண்டுசென்று, பலகையின் முன் நிறுத்தித் திருத்திக்கொண்டார். இப்போது கார் தடம் மாறாமல் செல்கிறது. சுவர் எழுப்பும் கொத்தனார் ஒவ்வொரு வரிசைக்கும் தூக்குக்குண்டு விட்டு, ரசமட்டம் வைத்துப் பார்க்கிறார். கீழே நூலளவு பிசகினால் மேலே முழ அளவு பிசகும் என்பது அவருக்குத் தெரியும். கண்ணாடி மாற்றும் கடைக்காரரும் கார் வைத்திருப்போரும் அறிந்துகொள்ள வேண்டியதும் அதுவேதான்.