சில்லுக்குள் பூட்டிய ரகசியம்

ஏலகிரி மலைக்குக் கீழே வாணியம்பாடி, ஆம்பூர் என நீளும் தோல் தொழில் வட்டாரத்தில், ஏற்றுமதி நிறுவனங்களின் கணக்குப் பிரிவுக்கு ஜிஎஸ்டி, வருமான வரி, சுங்கம், வங்கி என ஒவ்வொன்றுக்கும் தனிக் கடவுச்சொல் தேவைப்படுகிறது. தகவல் தொழில்நுட்பச் சட்டம், 2000 ஏற்கும் மின்னணுக் கையொப்பத்தைத் தாங்கிய யுஎஸ்பி டோக்கன் அங்கே பழகிய பொருள்தான். கையொப்பமிடும் ரகசியத் திறவுகோல் அதன் சில்லை விட்டு வெளியேறுவதில்லை. ரகசியத்தை இணையத்தில் விடாமல் கையிலுள்ள கருவிக்குள் பூட்டிவைக்கும் நெறியைக் கடவுச்சொற்களுக்கும் கொண்டுவந்தது மூல்டிபாஸ் என்னும் கருவி: அதனுள் கடவுச்சொற்கள் மறையீடு செய்யப்பட்டு, அதாவது திறவுகோலின்றிப் படிக்க இயலாதவாறு உருமாற்றப்பட்டு இருக்க, அத்திறவுகோல் தனி ஸ்மார்ட் கார்டில் உறைகிறது, பின் நம்பரைத் தொடர்ந்து தவறாக இட்டால் கார்டு நிரந்தரமாக முடங்கும், சரியாக இட்டால் கருவி தன்னைக் கீபோர்டாகக் காட்டிக் கடவுச்சொல்லைத் தானே தட்டச்சிடும். டோக்கனையும் பின் நம்பர் எழுதிய துண்டுச்சீட்டையும் ஒரே இழுப்பறையில் போட்டுவைப்போருக்கு எந்தக் கருவியும் உதவாது. கார்டு தொலைந்தால் அனைத்தும் போய்விடும் என்பதால் நகல் கார்டு ஒன்றை வேறிடத்தில் வைத்திருப்பது கட்டாயம்.