வீட்டிலேயே அக்வாபோனிக்ஸ்: மீன்தொட்டி அமைப்பது முதல் நீரில் வளர்ந்த செடியை மண்ணுக்கு மாற்றுவது வரை

மீனுக்குப் போடும் தீவனத்திலேயே கீரையும் விளையும் என்றால் யாருக்குத்தான் ஆசை வராது? மாடித்தோட்டம் வைத்திருக்கும் பலரும் இப்போது அக்வாபோனிக்ஸ் பக்கம் திரும்பியிருக்கிறார்கள். ஆனால் ஆர்வத்தோடு தொடங்குபவர்களில் பலர், முதல் மாதத்திலேயே மீன்கள் செத்து மிதப்பதைப் பார்த்துவிட்டுத் தொட்டியைக் கவிழ்த்துவிடுகிறார்கள். தண்ணீரில் செழிப்பாக வேர்விட்ட செடியை மண்ணில் வைத்தால், இரண்டே நாளில் வாடி விழுகிறது என்பது இன்னொரு புகார். இரண்டுக்கும் காரணம் அவசரம்தான். இவற்றைத் தவிர்க்கும் வழிகளைப் பார்ப்போம்.

எப்படி வேலை செய்கிறது?

மீனின் கழிவிலிருந்தும் செவுள் வழியாகவும் அம்மோனியா வெளியேறுகிறது. இது மீனுக்கு நஞ்சு. ஜல்லியிலும் குழாயிலும் குடியேறும் ஒருவகை பாக்டீரியாக்கள் அம்மோனியாவை நைட்ரைட்டாக மாற்றுகின்றன. நைட்ரைட்டும் மீனுக்கு ஆபத்துதான். வேறு வகை பாக்டீரியாக்கள் அதை நைட்ரேட்டாக மாற்றுகின்றன. இந்த நைட்ரேட்டைத்தான் செடி விரும்பி எடுத்துக்கொள்கிறது. செடி எடுத்ததுபோக மிஞ்சும் தண்ணீர் மீண்டும் மீன்தொட்டிக்கே திரும்புகிறது. ஆக, நாம் வளர்ப்பது மீன், செடி என்ற இரண்டை மட்டும் அல்ல. கண்ணுக்குத் தெரியாத பாக்டீரியாவையும் சேர்த்து மூன்றை வளர்க்கிறோம்.

தொடக்கத்துக்கு ஒரு சிறிய அமைப்பு

மீனுக்கு 200 லிட்டர் பிளாஸ்டிக் டிரம் ஒன்று, செடிக்கு அதே போன்ற டிரம்மை நீளவாக்கில் பாதியாக அறுத்த படுகை ஒன்று போதும். ரசாயனம் வைத்திருந்த டிரம்மை வாங்கவே கூடாது. படுகையில் அரை இன்ச் முதல் முக்கால் இன்ச் வரையுள்ள கருங்கல் ஜல்லியைக் கழுவி நிரப்புங்கள். ஜல்லியில் சுண்ணாம்புக்கல் கலந்திருக்கிறதா என்று அறிய, ஒரு பிடி எடுத்து வினிகர் ஊற்றிப் பாருங்கள். நுரைத்துக்கொண்டு குமிழி வந்தால் அந்த ஜல்லி வேண்டாம். அது தண்ணீரின் காரத்தன்மையை ஏற்றிக்கொண்டே இருக்கும்.

மோட்டாரை டைமரில் இணைத்து, மணிக்கு 15 நிமிடம் மட்டும் ஓட விடலாம். படுகையில் நீர் ஏறி, பிறகு முழுவதும் வடிய வேண்டும். வடியும்போதுதான் வேருக்குக் காற்று கிடைக்கிறது. மீன்தொட்டிக்கான காற்று மோட்டார் மட்டும் 24 மணி நேரமும் ஓட வேண்டும்.

20 வாட் நீர் மோட்டார் ஒரு நாளில் மொத்தம் 6 மணி நேரம் ஓடினால் 0.12 யூனிட். 5 வாட் காற்று மோட்டார் நாள் முழுக்க ஓடினாலும் அதே 0.12 யூனிட்தான். இரண்டு மாதத்துக்குச் சுமார் 15 யூனிட் ஆகும்.

மின்கட்டணத்தைவிட முக்கியமானது எடை. பாதி டிரம் ஜல்லி மட்டுமே ஏறத்தாழ 150 கிலோ வரும். மீன்தொட்டித் தண்ணீரையும் சேர்த்தால் 300 கிலோவைத் தாண்டிவிடும். மாடியில் வைப்பதாக இருந்தால் தளத்தின் நடுவில் வைக்காமல், தூண் அல்லது பீம் வரும் இடத்தில் வையுங்கள். பழைய கட்டடமாக இருந்தால் பொறியாளரிடம் கேட்காமல் ஏற்றாதீர்கள்.

முதல் ஆறு வாரம்

குழாய்த் தண்ணீரில் குளோரின் இருக்கும். திறந்த தொட்டியில் ஒரு நாள் முழுக்கக் காற்று மோட்டாரை ஓடவிட்ட பிறகே மீன் விட வேண்டும். போர் தண்ணீராக இருந்தால் முதலில் உப்பும் கார அமிலத்தன்மையும் பார்த்துவிடுங்கள். மீன், பாக்டீரியா, செடி மூன்றுக்கும் பொதுவாக ஒத்துவருவது 6.8 முதல் 7.2 வரையிலான அளவு.

பாக்டீரியா போதிய அளவு பெருக 4 முதல் 6 வாரம் ஆகும். அதுவரை நாலைந்து மீன்களை மட்டும் விட்டு, தீவனத்தைக் கிள்ளிப் போடுவதுபோல் போடுங்கள். வண்ணமீன் கடைகளில் கிடைக்கும் பரிசோதனைக் கிட்டில் வாரம் இருமுறை பாருங்கள். முதலில் அம்மோனியா ஏறும், பிறகு அது இறங்கி நைட்ரைட் ஏறும், கடைசியில் நைட்ரேட் தெரியத் தொடங்கும். அம்மோனியாவோ நைட்ரைட்டோ லிட்டருக்கு 1 மில்லிகிராமைத் தாண்டினால் தீவனத்தை நிறுத்தி, மூன்றில் ஒரு பங்கு தண்ணீரை மாற்றிவிடுங்கள். இரண்டும் பூஜ்யத்தை ஒட்டி வந்த பிறகே மீதி மீன்களை விட வேண்டும்.

என்ன மீன், எவ்வளவு?

புதிதாகத் தொடங்குபவர்களுக்கு கப்பி, கோல்டு பிஷ் போன்ற வண்ணமீன்கள் ஏற்றவை. கப்பி கொசுப்புழுவையும் தின்றுவிடும். உணவுக்காக வளர்ப்பவர்கள் பனையேறிக் கெண்டையை முயலலாம். அது துள்ளி வெளியேறும் என்பதால் வலை மூடி அவசியம். ஜிலேபி எனப்படும் திலேப்பியா வளர்ப்புக்கு அரசு விதிமுறைகள் உள்ளன. மாவட்ட மீன்வளத் துறை அலுவலகத்தில் கேட்ட பிறகே வாங்குங்கள். ஆப்பிரிக்கக் கெளுத்தி தடை செய்யப்பட்ட மீன்.

இந்த அளவுத் தொட்டியில் விரல் நீளக் குஞ்சுகள் 10 முதல் 15 போதும். வளர்ந்த பிறகும் மொத்த எடை ஒரு கிலோவை ஒட்டியே இருக்கட்டும். கீரைப் படுகைக்கு ஒரு சதுர மீட்டருக்கு நாளொன்றுக்கு 40 முதல் 50 கிராம் தீவனம் என்பது பொதுவான கணக்கு. பாதி டிரம் படுகை சுமார் அரை சதுர மீட்டர் என்பதால், மீன் வளர்ந்த பிறகு 20 கிராம் தீவனம் போதும். குஞ்சாக இருக்கும்போது அவ்வளவு தின்னாது. அதனால் தொடக்கத்தில் செடியையும் குறைவாகவே வையுங்கள்.

கவனிக்க வேண்டியவை

மின்தடைதான் பெரிய எதிரி. மீன் அதிகமாக இருந்தால் சில மணி நேரத்திலேயே மூச்சுத் திணறும். பேட்டரியில் இயங்கும் காற்று மோட்டார் ஒன்றைக் கட்டாயம் வைத்திருங்கள். கோடையில் தண்ணீர் சூடாகும்போது அதில் கரைந்திருக்கும் ஆக்சிஜன் குறையும். எனவே தொட்டிக்கு நிழல் வலை தேவை. படுகையில் பூச்சி வந்தால் எந்த மருந்தும் அடிக்காதீர்கள். வேப்பெண்ணெய்க் கரைசல்கூட தண்ணீரில் கலந்தால் மீனைப் பாதிக்கும். கையால் பொறுக்குவதும் வெறும் தண்ணீரைப் பீய்ச்சுவதும்தான் வழி. இளம் இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக இருந்தால் அது இரும்புச்சத்துக் குறைபாடு. மீன் தீவனத்தில் இரும்பு குறைவு என்பதால், கீலேட் வடிவ இரும்பைத் தனியே தர வேண்டியிருக்கும்.

மண்ணுக்கு மாற்றினால் ஏன் வாடுகிறது?

நீரில் வளரும் வேர் மெல்லியது, எளிதில் ஒடியக்கூடியது. சுற்றிலும் தண்ணீர் இருப்பதால் அதைத் தேடிப் பிடிக்கும் வேர்த்தூவிகள் அதில் குறைவு. மண்ணுக்கு வந்ததும் இந்த வேரால் போதிய நீரை உறிஞ்ச முடிவதில்லை. இலைகளோ வழக்கம்போல் நீரை ஆவியாக்கிக்கொண்டே இருக்கின்றன. வரவு குறைந்து செலவு குறையாததால் செடி வாடுகிறது. மண்ணுக்கேற்ற புது வேர் வரும்வரை செடியைத் தாங்கிப் பிடிப்பதுதான் நம் வேலை.

மாற்றும் முறை

1. வேர் 3 முதல் 5 சென்டிமீட்டர் இருக்கும்போதே மாற்றிவிடுங்கள். நீண்டு பின்னிக்கொண்ட வேர் மண்ணில் பிழைப்பது கடினம்.

2. செம்மண், மண்புழு உரம், தென்னைநார்க்கழிவு மூன்றையும் சம அளவு கலந்துகொள்ளுங்கள். நார்க்கழிவை இரண்டு மூன்று முறை ஊறவைத்துப் பிழிந்து உப்பை நீக்க வேண்டும்.

3. மாலை வேளையில் நடுங்கள். வேரில் ஒட்டியுள்ள ஜல்லியைப் பிய்க்காமல் அப்படியே வையுங்கள். வேரை விரித்துப் பிடித்து, கலவையைத் தளர்வாகத் தூவி, தண்ணீர் ஊற்றிப் படிய விடுங்கள். கையால் அழுத்தாதீர்கள்.

4. மூன்றில் ஒரு பங்கு இலையைக் கிள்ளிவிடுங்கள். பூவும் மொட்டும் இருந்தால் எடுத்துவிடுங்கள்.

5. ஒரு வாரம் நிழலில் வைத்து, மண்ணை ஈரம் காயாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஆனால் பையின் அடியில் தண்ணீர் தேங்கக் கூடாது. இரண்டாவது வாரத்தில் காலை வெயிலில் வைத்து, மேல்மண் லேசாகக் காய்ந்த பிறகு தண்ணீர் விடுங்கள்.

6. புதுத் துளிர் வரும்வரை உரம் வேண்டாம். துளிர்த்த பிறகு மீன்தொட்டித் தண்ணீரையே வாரம் ஒருமுறை ஊற்றலாம்.

எதை மாற்றலாம், எதை மாற்ற வேண்டாம்?

புதினா, துளசி, கற்பூரவல்லி, பொன்னாங்கண்ணி, சர்க்கரைவள்ளிக் கொடி ஆகியவை எளிதில் பிழைக்கும். தக்காளி, கத்தரி, மிளகாயை நாலைந்து இலைப் பருவத்தில் மாற்றிவிட வேண்டும். தக்காளியின் தண்டைச் சற்று ஆழமாகப் புதைத்தால், புதைந்த பகுதியிலிருந்தும் வேர் வரும். முள்ளங்கி, கேரட், கொத்தமல்லி போன்ற ஆணிவேர்ப் பயிர்களை நேரடியாக மண்ணில் விதைப்பதே நல்லது. முற்றிய கீரையை மாற்ற மெனக்கெட வேண்டாம். அறுத்துச் சமைத்துவிட்டுப் புதிதாக விதைத்துக்கொள்ளுங்கள்.

இந்தச் சிறிய அமைப்பு வருமானம் தரும் தொழில் அல்ல. வீட்டுக்குக் கீரையும் கொஞ்சம் மீனும் தரும். கையில் பணம் இருக்கிறது என்று முதலிலேயே பெரிய தொட்டி கட்டிவிடாதீர்கள். ஒரு டிரம்மில் கோடை, மழைக்காலம் இரண்டையும் கடந்து பாருங்கள். மீன் சாகாமல், செடி மஞ்சளாகாமல் ஓராண்டு ஓடிய பிறகு இரண்டாவது டிரம்மைப் பற்றி யோசிக்கலாம்.