வீட்டுக்கு வந்த வாலு!

‘அம்மா, ஒரே ஒரு குட்டிம்மா... ப்ளீஸ்மா!’

நாய் வளர்க்கிற வீடுகள்ல பெரும்பாலும் கதை இந்த டயலாக்குலதான் ஆரம்பிக்கும். அதுக்கு வர்ற பதிலும் ஊரு உலகம் பூரா ஒண்ணுதான். ‘இந்த வீட்டுல ஒண்ணு நாய் இருக்கணும், இல்ல நான் இருக்கணும். முடிவு பண்ணிக்கோ!’

இந்த ரெண்டு டயலாக்கையும் தாண்டி குட்டி உள்ளே வந்துடுச்சுன்னா, அதுக்கப்புறம் மூணு மாசத்துக்கு நடக்குறது கலாட்டா, காமெடி, கண்ணீர் எல்லாம் கலந்த மெகா சீரியல். செமஸ்டர் லீவுல ஒரு குட்டியைத் தூக்கிட்டு வரலாம்னு பிளான் போட்டிருக்கிற மக்களே... கொஞ்சம் இங்க வாங்க. நம்ம வீட்டு அனுபவத்தையும் டாக்டர்கள் சொன்ன மேட்டரையும் சேர்த்து ஒரு ரவுண்டு பார்த்துடலாம்!

விளம்பரத்தைப் பார்த்து வாங்காதீங்க பாஸ்!

2003-ல ‘ஹட்ச்’ விளம்பரத்துல ஒரு குட்டிப் பையன் பின்னாடியே ஒரு பக் நாய் நடந்து வந்துச்சு, ஞாபகம் இருக்கா? நமக்கு ஞாபகம் இருக்காது, நம்ம அண்ணன், அக்காக்களுக்கு இருக்கும். உடனே ஊரெல்லாம் ‘எனக்கும் ஹட்ச் நாய் வேணும்’னு கிளம்பிட்டாங்க. மூக்கு சப்பையா இருக்கிறதால அந்த நாய்க்கு நம்ம ஊரு வெயில்ல மூச்சு விடுறதே பெரும்பாடுனு வாங்கின பிறகுதான் பலருக்குத் தெரிஞ்சது. இப்போ ரீல்ஸ் பார்த்துட்டு ஹஸ்கி வாங்குறாங்க. சைபீரியப் பனிக்காகவே ரெட்டை அடுக்கு ரோமத்தோட பிறந்த ஜீவனை மே மாச திருச்சியில கட்டிப்போட்டா என்ன ஆகும்? நீங்க ஸ்வெட்டருக்கு மேல ஸ்வெட்டர் போட்டுட்டு பஸ் ஸ்டாண்டுல நின்னு பாருங்க, புரியும்!

நம்ம மண்ணுக்கேத்த ஆளுங்க நம்மகிட்டயே இருக்காங்க. ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை... எல்லாமே ஊர்ப்பெருமை பேசுற ஜாதி. 2005-ல தபால் துறை வெளியிட்ட நாய் ஸ்டாம்ப்புகள்ல நம்ம ராஜபாளையமும் இருக்கு. ஆனா, இவங்கள்லாம் ஓடுறதுக்கும் வேட்டைக்கும் காவலுக்கும் பிறந்தவங்க. சிங்கிள் பெட்ரூம் ஃபிளாட்டுல அடைச்சு வெச்சா, சோபாவைத்தான் வேட்டையாடுவாங்க. காசு கொடுக்காம, நோய் எதிர்ப்பு சக்தியோட, எந்தச் சாப்பாட்டுக்கும் ஒத்துப்போற நாய் வேணுமா? உங்க தெருவுலயே ஒரு குட்டி இருக்கும்!

காசு கொடுத்துத்தான் வாங்குறீங்கன்னா ஒரு விஷயம். 8 வாரம் ஆகாத குட்டியை விக்கவே கூடாதுனு 2017-ல வந்த நாய் இனப்பெருக்கம், விற்பனை விதிகள் சொல்லுது. ‘நாப்பது நாள் குட்டி சார், இப்பவே தூக்கிட்டுப் போனாத்தான் ஒட்டும்’னு எவராவது அளந்தா, அப்படியே அபவுட் டர்ன்! கடிச்சா வலிக்கும்கிற பாடத்தை ஒரு குட்டி கத்துக்கிறதே அம்மாகிட்டயும் கூடப் பிறந்ததுங்ககிட்டயும்தான்.

முதல் ராத்திரி... சிவராத்திரி!

எங்க வீட்டுக்கு வந்த கதையே வேற. டீக்கடை ஓரத்துல நாலு குட்டி போட்ட தாய் நாய் மேல பஸ் ஏறிடுச்சு. ப்ளஸ் டூ படிக்கிற என் தம்பி, அதுல ஒரு செவலைக் குட்டியை ஸ்கூல் பேக்குல வெச்சுத் தூக்கிட்டு வந்துட்டான். ‘பேரு என்ன வைக்கலாம்?’னு நாங்க கூகுள்ல தேடிட்டு இருந்தப்போ, ‘நாய்னா மணிதான்டா’னு பாட்டி ஒரே போடா போட்டுட்டாங்க. மணி ஆயிட்டான்.

அன்னிக்கு ராத்திரி வீட்டுல ஒருத்தரும் தூங்கலை. ‘ஊ...’னு ஒரே அழுகை. பிறந்ததுல இருந்து மூணு உடம்போட சூட்டுல ஒட்டித் தூங்கின ஜீவனைத் தனியா விட்டா பின்னே அழாதா? இதுக்கு வைத்தியம் ரொம்ப சிம்பிள். ஒரு அட்டைப்பெட்டி, உள்ளே பழைய காட்டன் புடவை, டவல் சுத்தின வெதுவெதுப்பான தண்ணி பாட்டில். பெட்டியை நம்ம படுக்கைக்குப் பக்கத்துலயே வெச்சு, அழும்போது கையை மட்டும் உள்ளே விட்டா போதும். மூணு, நாலு நாள்ல செட் ஆயிடும்.

அடுத்த பிரச்னை... ஆங், அதேதான்! குட்டிக்கு அடக்கிக்கிற சக்தி ரொம்பக் கம்மி. 2 மாசக் குட்டின்னா 3 மணி நேரமே அதிகம். தூங்கி எழுந்ததும், சாப்பிட்டதும், விளையாடி முடிச்சதும் உடனே வெளியே தூக்கிட்டுப் போய் ஒரே இடத்துல விடணும். அங்க போனா, ‘குட் பாய்!’னு கொஞ்சணும். ஹாலுக்குள்ள போயிட்டா, மூக்கை அதுல தேய்க்கிறது, பேப்பரைச் சுருட்டி அடிக்கிறது எல்லாம் வேஸ்ட். எதுக்கு அடி வாங்கினோம்னு அதுக்குப் புரியாது. உங்களைப் பார்த்தா பயப்படணும்னு மட்டும் புரியும். அப்புறம் சோபாவுக்குப் பின்னாடி ஒளிஞ்சு போக ஆரம்பிச்சுடும்!

இது கடி ஜோக் இல்ல... நிஜக் கடி!

குட்டிக்குப் பால் பல் 28. நாலு மாச வாக்குல அதெல்லாம் விழ ஆரம்பிச்சு, ஏழு மாசத்துக்குள்ள 42 நிரந்தரப் பல் முளைச்சுடும். நடுவுல ஈறு அரிக்கும் பாருங்க... கையில, ஸாரி, வாயில கிடைச்சதெல்லாம் காலி! மணியோட ஸ்கோர் கார்டு: அப்பாவோட ஹவாய் செருப்பு ரெண்டு (ரெண்டுமே இடது கால்), தம்பியோட இயர்போன், என் லேப் ரெக்கார்டு நோட்டுல கையெழுத்து வாங்கின அஞ்சு பக்கம். ‘நாய் தின்னுடுச்சு மேம்’னு சொன்னா யார் நம்புவா? மென்ன மிச்சத்தை பாலிதீன் கவர்ல போட்டு எடுத்துட்டுப் போய்க் காட்டினேன்!

இதுக்கு மருந்து, ஈரத்துணியை முடிச்சுப் போட்டு ஃப்ரிட்ஜுல வெச்சுக் கொடுக்கிறது. சில்லுனு இருக்கும், ஈறுக்கு இதம். சார்ஜர் வயரை மட்டும் உசரத்துல மாட்டிடுங்க, அது உயிர் மேட்டர்.

விளையாட்டா கடிச்சாலும் பல் பட்டு ரத்தம் வந்தா, சோப்பு போட்டு ஓடுற தண்ணியில 15 நிமிஷம் கழுவிட்டு நேரா ஆஸ்பத்திரிக்குப் போங்க. ‘குட்டிதானே, ஒண்ணும் ஆகாது’ங்கிறது டேஞ்சரான டயலாக். அறிகுறி வந்த பிறகு ரேபிஸை குணப்படுத்த வழி கிட்டத்தட்ட கிடையாது. ஆனா, முன்னாடியே ஊசி போட்டா தடுத்துடலாம். தொப்புளைச் சுத்தி 14 ஊசிங்கிறதெல்லாம் தாத்தா காலத்துக் கதை. இப்போ கையில சில ஊசிதான். அரசு மருத்துவமனையில இலவசம்.

இன்னொரு மேட்டர். குட்டிக்கு மூணுல இருந்து 14 வாரம் வரைக்கும் உலகத்தைப் பழகிக்கிற வயசு. மிக்ஸி சத்தம், குக்கர் விசில், ஹெல்மெட் போட்ட ஆளு, குழந்தைங்க... எல்லாத்தையும் அந்த நேரத்துல பயமில்லாம பார்த்துட்டா, பின்னாடி தபால்காரரைப் பார்த்துக் குதிக்காது.

மெனு கார்டு!

‘குட்டின்னா பால்தானே?’ இதுதான் எல்லாரும் நினைக்கிறது. மாட்டுப் பால் நிறைய குட்டிகளுக்கு ஒத்துக்காம வயித்தால போயிடும். வேகவெச்ச சிக்கன், முட்டை, சோறுனு காரம், உப்பு, வெங்காயம் போடாம கொடுக்கலாம். மூணு மாசம் வரைக்கும் ஒரு நாளைக்கு நாலு வேளை, கொஞ்சம் கொஞ்சமா. சாக்லேட், திராட்சை, உலர் திராட்சை, வெங்காயம், பூண்டு இதெல்லாம் அதுக்கு விஷம். ‘ஒரே ஒரு டெய்ரி மில்க் பீஸ்’னு கூட பாசம் காட்டிடாதீங்க. வேகவெச்ச எலும்பும் வேணாம். குச்சி குச்சியா உடைஞ்சு குடலைக் குத்திடும். பிரியாணி பார்ட்டியில அதுக்கு நோ என்ட்ரி!

அஞ்சு நாள்... அஞ்சு வருஷம் மாதிரி!

மணி வந்த மறுநாளே டாக்டர்கிட்ட காட்டினோம். குடற்புழு மருந்து கொடுத்து, ‘கொஞ்சம் தேறட்டும், அடுத்த வாரம் தடுப்பூசி போடலாம்’னார். அஞ்சாவது நாள் காலையில மணி எழுந்திரிக்கலை. சாப்பாட்டைத் திரும்பிக்கூடப் பார்க்கலை. மத்தியானம் வாந்தி. சாயந்திரம் ரத்தமா பேதி.

பார்வோ! 1978 வாக்குல உலகம் பூரா பரவின வைரஸ் இது. தடுப்பூசி போடாத குட்டிகளைத்தான் முதல்ல பிடிக்கும். உடம்புல நுழைஞ்சு அறிகுறி காட்டவே சில நாள் ஆகும். ‘உங்க வீட்டுக்கு வர்றதுக்கு முன்னாடியே தொத்தியிருக்கும்’னார் டாக்டர். வைரஸை நேரடியா கொல்ற மாத்திரை கிடையாது. உடம்புல தண்ணி வத்தாம டிரிப்ஸ் ஏத்தி, வேற கிருமி தொத்தாம பார்த்துக்கிட்டு, அதுவா போராடி ஜெயிக்கிற வரைக்கும் தாங்கிப் பிடிக்கிறதுதான் வைத்தியம். சீக்கிரம் ஆரம்பிச்சா நிறைய குட்டிங்க பொழைச்சுடும். ‘நாளைக்குப் பார்த்துக்கலாம்’னா முடிஞ்சது கதை.

அஞ்சு நாள் டிரிப்ஸ். எனக்கு இன்டர்னல் டெஸ்ட், தம்பிக்கு ரிவிஷன், அப்பாவுக்கு ஆபீஸ். மணியை மடியில வெச்சுக்கிட்டு, டிரிப்ஸ் பாட்டிலை ஒரு கையில தூக்கிப் பிடிச்சுக்கிட்டு உட்கார்ந்திருந்தது யார் தெரியுமா? ‘நாய் வேணுமா, நான் வேணுமா’னு கேட்ட எங்க அம்மா! அஞ்சாவது நாள் சாயந்திரம் அவங்க விரலை மணி லேசா நக்கினான். ‘டேய், நக்குறான்டா...’னு போன்ல அழுதுட்டாங்க. மணியோட கூடப் பிறந்ததுல ரெண்டு, அதே வாரம் டீக்கடை ஓரத்துலயே செத்துப்போச்சு. கடைக்கார அண்ணன் சொன்னப்போ தம்பி ராத்திரி சாப்பிடவே இல்லை.

அதனால இதை மட்டும் ஹால் டிக்கெட் மாதிரி பத்திரமா வெச்சுக்கோங்க. 6-8 வாரத்துல முதல் தடுப்பூசி. அப்புறம் 3-4 வாரத்துக்கு ஒருமுறை, 16 வாரம் ஆகுற வரைக்கும். ரேபிஸ் ஊசி 3 மாசத்துல. எல்லாத்துக்கும் பிறகு டாக்டர் சொல்ற பூஸ்டர். ஊசி கோர்ஸ் முடியுற வரைக்கும் மத்த நாய்கள் நடமாடுற இடத்துல இறக்கி விடாதீங்க. பார்வோ வைரஸ் மண்ணுல மாசக்கணக்குல உயிரோட இருக்கும். செலவுக்குப் பயமா? வேப்பேரி, நாமக்கல், ஒரத்தநாடு, திருநெல்வேலினு கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிற ஊர்கள்ல அங்கேயே மருத்துவமனையும் இருக்கு. வேப்பேரி கல்லூரி 1903-ல ஆரம்பிச்சதுன்னா பார்த்துக்கோங்க!

அஞ்சு ஓனர்... ஒரு நாய்!

சரி, டீக்கடை நாலாவது குட்டி என்னாச்சு? அதை எங்க காலேஜ் சீனியர்ஸ் அஞ்சு பேர் அவங்க ரூமுக்குத் தூக்கிட்டுப் போனாங்க. பேரு டைசன். பார்வோ அவனைத் தொடவே இல்லை. பரோட்டா சால்னா வாசத்துல வளர்ந்தான். இன்ஸ்டாவுல ஸ்டார். ஆளாளுக்கு ‘என் நாய்’னு ஸ்டேட்டஸ் போட்டாங்க.

செமஸ்டர் லீவு வந்துச்சு. அவன் பார்த்துப்பான்னு இவன், இவன் பார்த்துப்பான்னு அவன். அஞ்சு பேரும் ஊருக்குப் பஸ் ஏறிட்டாங்க. அந்த ரெண்டு வாரமும் சோறு போட்டது பில்டிங் வாட்ச்மேன் தாத்தா. அதோட புத்தி வந்துச்சான்னா, இல்லை. ஃபைனல் இயர் முடிஞ்சு ஒருத்தர் பெங்களூரு, ஒருத்தர் ஹைதராபாத்னு கிளம்பிட்டாங்க. ரூமைக் காலி பண்ணி, கட்டிலை வித்து, அட்வான்ஸைத் திருப்பி வாங்கினவங்க டைசனை மட்டும் விட்டுட்டுப் போயிட்டாங்க.

கெட்டவங்க இல்லை அவங்க. டைசனுக்குக் காய்ச்சல்னா நடுராத்திரி பைக்ல தூக்கிட்டு ஓடினவங்கதான். ஆனா, அஞ்சு பேர்ல யாருக்கும் ‘காலேஜ் முடிஞ்சா இவன் எங்கே?’ங்கிற கேள்வி முதல் நாள் தோணலை. அதுக்கப்புறம் ரொம்ப நாளைக்கு, அந்த கேட்டுக்கு எந்த பைக் வந்தாலும் டைசன் ஓடி வந்து முகத்தைப் பார்த்துட்டுத் திரும்பிப் போவான். இப்போ நாங்க நாலஞ்சு ஜூனியர்ஸ் காசு போட்டு, கருத்தடை ஆபரேஷனும் ரேபிஸ் ஊசியும் போட்டு விட்டிருக்கோம். டீக்கடை அண்ணன் அவனைச் சேர்த்துக்கிட்டார். பிறந்த இடத்துக்கே திரும்பிட்டான்.

குட்டிக்கு முன்னாடி ஒரு வைவா!

நம்ம ஊரு நாய் நல்லா பார்த்துக்கிட்டா 12 வருஷத்துக்கு மேலயும் இருக்கும். உங்களுக்கு இப்போ 20 வயசுன்னா, அது கிழமாகி மாடிப்படி ஏற முடியாம நிக்கும்போது உங்களுக்கு 32. அதனால தூக்கிட்டு வர்றதுக்கு முன்னாடி இந்தக் கேள்விகளுக்கு பதில் ரெடி பண்ணுங்க.

* பகல்ல நீங்க காலேஜ் போயிட்டா, குட்டியோட யார் இருப்பாங்க? அவங்ககிட்ட கேட்டாச்சா?

* வாடகை வீடுன்னா ஹவுஸ் ஓனர் ஓகே சொல்லிட்டாரா?

* தடுப்பூசி, திடீர் வைத்தியச் செலவுக்குப் பணம் எங்கேயிருந்து? பாக்கெட் மணி பத்தாது பாஸ்!

* உங்க ஊரு மாநகராட்சி, நகராட்சியில லைசென்ஸ் வாங்கணுமானு விசாரிச்சீங்களா?

* வேலை கிடைச்சு வெளியூர் போனா, குட்டி யார்கிட்ட? ‘ஃப்ரெண்ட்ஸ் பார்த்துப்பாங்க’ங்கிற பதில் செல்லாது. ஒரே ஒரு ஆளோட பேரைச் சொல்லுங்க.

அஞ்சுல ஒண்ணுக்கு பதில் இல்லைன்னாலும், இப்போதைக்கு அரியர்தான். பரவாயில்லை, நாய்ப் பாசத்தைக் காட்ட வேற வழியும் இருக்கு. தெருவுல இருக்கிறவங்களுக்கு ஒரு கிண்ணம் தண்ணி வைங்க. சென்னையில 1964-ல இருந்து இயங்குற ‘ப்ளூ கிராஸ்’ மாதிரி அமைப்புகள்ல வாலன்டியரா சேருங்க. அஞ்சுக்கும் பதில் இருக்கா? அப்போ தைரியமா தூக்கிட்டு வாங்க. கூடவே அம்மாவுக்கு ஒரு பழைய காட்டன் புடவையை எடுத்து வைக்கச் சொல்லிடுங்க. எப்படியும் மூணாவது வாரம், ‘என் புள்ளைய எவன்டா திட்டுனது?’னு உங்களைத்தான் கேட்கப்போறாங்க!