அம்மிணி, பாட்டை அமத்துங்க!

என்னை உள்ளே விட்டுவிட்டார்கள்! 'வாடிக்கையாளர்கள் இதைத் தாண்டி வர வேண்டாம்' என்று பலகை தொங்கும் இடத்தைத் தாண்டி, எண்ணெய் குடித்துக் கறுத்த தரையில், எனக்கென்று ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல். சிங்காநல்லூர் பக்கத்தில் ஒரு சின்னப் பட்டறைதான். ஆனால் படப்பிடிப்பு பார்க்கப் போன பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி என்னால் உட்கார முடியவில்லை. அன்றைய கதாநாயகன் என் காரின் சக்கரத்துக்குள் ஒளிந்திருக்கும், உள்ளங்கையில் அடங்கிவிடும் ஓர் இரும்பு வளையம். வீல் பேரிங்.

இரண்டு மாதமாக அந்தச் சத்தம். 50-ஐத் தாண்டினால் தொடங்கும்; பக்கத்து வீட்டில் மாவாட்டுகிற கிரைண்டர் போல ஒரு 'ஊ...ங்'. 80-ல் பத்து வீட்டுக் கிரைண்டர். டயர்க் கடையில் சக்கரங்களை முன்பின்னாக மாற்றிப் போட்டார்கள், பேலன்ஸ் பார்த்தார்கள், பணம் வாங்கிக்கொண்டார்கள். கிரைண்டர் நிற்கவில்லை. கோவைக்காரர்கள் எல்லோரும் செய்வதைத்தான் நானும் செய்தேன்: பாட்டின் சத்தத்தைக் கூட்டி வைத்தேன்.

மெக்கானிக் அண்ணன் ஸ்டியரிங்கில் உட்கார்ந்ததும் சொன்ன முதல் வார்த்தை, "அம்மிணி, பாட்டை அமத்துங்க."

அவிநாசி சாலையில் 70. சட்டென்று நியூட்ரலுக்குத் தள்ளினார். எஞ்சின் முனகல் அடங்கியது. கிரைண்டர் மட்டும் அப்படியே ஓடியது. "எஞ்சின் தப்பிச்சுதுங்க." தார் போய்க் கான்கிரீட் வந்தது, சத்தம் தன் சுருதியை மாற்றவே இல்லை. டயர் சத்தமென்றால் தரை மாறினால் தானும் மாறிவிடுமாம். பிறகு சாலை காலியான இடத்தில் வண்டியை லேசாக வலதுக்கு வளைத்தார். 'ஊஊங்!' இடதுக்கு வளைத்தார். கப்சிப். இன்னொரு தடவை. அதே கதை.

"லெப்ட் முன்னாடிங்க."

அவ்வளவுதானா! ஸ்கேனர் இல்லை, கணினி இல்லை. வலதுக்குத் திரும்பும்போது வண்டியின் பாரமெல்லாம் இடது சக்கரத்தின் மேல் சாய்கிறது. தேய்ந்த பேரிங் அந்தப் பாரத்தில் அலறுகிறது. இடதுக்குத் திரும்பினால் பாரம் இறங்கி, அதற்கு ஓய்வு. இதைக் கேட்டதும் நான் கைதட்டிவிட்டேன். அண்ணன் கொஞ்சம் பயந்துதான் போனார்.

பட்டறைக்கு வந்ததும் பேரிங்கைக் கையாலும் ஒருமுறை விசாரித்தார். ஜாக்கியில் தூக்கி, முட்டுக் கொடுத்து, சக்கரத்தைக் கடிகாரத்தின் 12-லும் 6-லும் பிடித்து ஆட்டினார். மெல்லிய 'டொக்'. உதவிக்கு இருந்த பையனை பிரேக்கை மிதிக்கச் சொல்லி மறுபடி ஆட்டினார். டொக் காணாமல் போயிற்று. பிரேக் மிதித்தும் ஆட்டம் மிச்சம் இருந்தால் சந்தேகம் பால் ஜாயின்ட் பக்கம் திரும்ப வேண்டும். நின்றுவிட்டதால் குற்றவாளி பேரிங்தான். அடுத்ததுதான் எனக்கு மயிர்க்கூச்செறிந்த கட்டம். "விரலை இங்க வைங்க" என்று சக்கரத்துக்கு மேலே இருக்கிற சுருள் ஸ்பிரிங்கைக் காட்டினார். வைத்தேன். சக்கரத்தைக் கையால் சுழற்றினார். ஸ்பிரிங் வழியாக என் விரலுக்குள் ரவை ஓடியது! வலது பக்கம் போய் அதையே செய்தோம், அங்கே வெண்ணெய். பட்டறைக்காரர்களின் ஸ்டெதாஸ்கோப் அது.

கழற்றும் வேலையை வேகமாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பெரும்பாலும் துருவோடு நடந்த மல்யுத்தம். டிரைவ் ஷாஃப்ட் நட்டு, காலிப்பர், டிஸ்க், டை ராடு, பால் ஜாயின்ட். கடைசியில் நக்கிள் என்கிற கனத்த இரும்புத் துண்டு பையனின் கையில் குழந்தை போலக் கிடந்தது. பேரிங் அதற்குள்தான் இறுகிக் கிடக்கிறது.

இனி பிரஸ்! மூலையில் பச்சை பெயின்ட் உரிந்து நின்ற ஹைட்ராலிக் பிரஸ். கைப்பிடியை அண்ணன் அடிக்க அடிக்க ஒன்றும் நடக்கவில்லை. இன்னொரு அடி. 'டமார்!' துப்பாக்கி வெடித்த மாதிரி. ஸ்டூலோடு நானும் ஓரடி பின்னால் போனேன். சக்கரம் மாட்டும் ஹப் கழன்று விழுந்திருந்தது, பேரிங்கின் உள்வளையத்தில் ஒன்றைத் தன்னோடு பிடுங்கிக்கொண்டு. எப்போதும் அப்படித்தானாம். கிரைண்டிங் மெஷினால் அந்த வளையத்தில் ஒரு கீறல், உளி வைத்து ஓர் அடி, 'டிங்'. பேரிங்கைப் பூட்டியிருந்த சர்க்ளிப் வளையத்தைக் கழற்றி மிச்சத்தையும் வெளியே தள்ளினார்கள்.

கையில் வாங்கிப் பார்த்தேன். இரண்டு வரிசைக் குண்டுகள். அவை ஓடும் பாதை கண்ணாடி போல இருக்க வேண்டும். ஓர் இடத்தில் அம்மைத் தழும்பு போலச் செதில் செதிலாகப் பெயர்ந்திருந்தது. நான் கேட்ட 'ஊங்' முழுவதும் அந்தத் தழும்பின் மேல் குண்டுகள் ஏறி இறங்கிய சத்தம். கிரீஸ் காப்பிக் கசடாகியிருந்தது. சீல் வழியே தண்ணீர் போயிருக்கிறது. சாலையோரப் பள்ளத்து மழைநீர் முதலில் இடது சக்கரத்துக்குத்தானே!

கோவையில் உட்கார்ந்து இதைச் சொல்லாமல் விட மனசு வரவில்லை: நவீன பேரிங்கின் கதையில் ஒரு பஞ்சாலை இருக்கிறது. ஸ்வீடனின் கோத்தன்பர்க் நகரத்து ஆலை ஒன்றில் பொறியாளராக இருந்தவர் ஸ்வென் விங்குவிஸ்ட். ஆலை நின்றது களிமண் தரையில்; தரை அசைய, ஷாஃப்டுகள் கோணிக்கொள்ள, பேரிங்குகள் ஓயாமல் பழுதாயின. வெறுத்துப்போன மனிதர், கோணலுக்குத் தானே வளைந்துகொடுக்கும் பேரிங்கை வடிவமைத்தார். 1907-ல் எஸ்கேஎஃப் நிறுவனம் பிறந்தது. அதன் வீட்டிலிருந்து வந்த பெயர்தான் வோல்வோ. லத்தீனில் 'நான் உருள்கிறேன்' என்று பொருள். வோல்வோவின் முதல் கார் 1927-ல்தான் வெளியே வந்தது. பேரிங் முந்தி, கார் பிந்தி!

புதிய பேரிங் பெட்டியிலிருந்து வந்தது. "அக்கா, இங்க பாருங்க" என்று பையன் ஒரு குண்டூசியை அதன் ஒரு முகத்தருகே நீட்டினான். ஊசி போய் ஒட்டிக்கொண்டது. மறுமுகத்தில் ஒட்டவில்லை. ஒட்டிய பக்கத்தின் சீலுக்குள் காந்த வளையம். சக்கரத்தின் வேகத்தை ஏபிஎஸ் சென்சார் அதிலிருந்துதான் படிக்கிறது. அந்த முகம் சென்சாரைப் பார்க்க வேண்டும். திருப்பிப் போட்டுவிட்டால் வண்டி ஓடும், டேஷ்போர்டில் ஏபிஎஸ் விளக்கு எரிந்துகொண்டே இருக்கும், மறுபடி எல்லாம் முதலிலிருந்து. திரும்ப வெளியே தள்ளினால் புதுப் பேரிங்கும் வீண்.

அழுத்தும்போது அண்ணன் பேச்சை நிறுத்திவிட்டார். நக்கிளுக்குள் ஏற்றும்போது வெளிவளையத்தில் மட்டும் அழுத்த வேண்டும். அதற்குப் பழைய பேரிங்கின் வெளிவளையத்தையே மேலே வைத்தார். செத்த பேரிங்குக்குக் கடைசி உத்தியோகம்! ஹப்பை ஏற்றும்போது உள்வளையத்துக்குக் கீழே முட்டு. இடம் மாறினால் அழுத்தம் முழுதும் குண்டுகள் வழியாகப் பாய்ந்து, பாதையில் குழி விழுந்து, புதுப் பேரிங் சில நாளிலேயே பாடத் தொடங்கும். சுத்தியலால் பேரிங்கை அடித்து ஏற்றும் இடங்களும் உண்டு. என்னைக் கேட்டால், அங்கிருந்து சாவியை வாங்கிக்கொண்டு ஓடிவிட வேண்டும்.

மாட்டி முடித்து, புது நட்டு போட்டு, வண்டி இன்னும் ஜாக்கியில் நிற்கும்போதே பையன் பிரேக்கை மிதிக்க, டார்க் ரென்ச் 'டிக்' என்றது. அந்த இறுக்கம்தான் பேரிங்கைச் சேர்த்துப் பிடிக்கிறது. நட்டு இறுகும் முன் வண்டியின் பாரத்தைப் பேரிங்கின் மேல் இறக்கக் கூடாதாம்.

திரும்பும் வழியில் 80-ல் போனேன். பாட்டே போடவில்லை.

நீங்களும் இன்று வீட்டுக்குப் போகும்போது பாட்டை அமத்திவிட்டு ஓட்டிப் பாருங்கள். கிரைண்டர் ஓடினால், ஆளில்லாத இடத்தில் மெதுவாக வளைத்துப் பாருங்கள்: வலதுக்குத் திரும்பக் கூடினால் பெரும்பாலும் இடது சக்கரம், இடதுக்குத் திரும்பக் கூடினால் வலது. பட்டறை வாசலில் கேட்க வேண்டிய முதல் கேள்வி: "ஏனுங்க, பிரஸ் இருக்குங்களா?"